இஸ்லாமியப் பள்ளியில் பிள்ளைகள் பயமில்லாமல் இருக்க: நிர்வாகிகளுக்கும் உஸ்தாதுகளுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மகனை மதரஸாவில் சேர்க்க வரும் அத்தா, "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க ஹழ்ரத்" என்று சொல்லிவிட்டுப் போவது நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. அவர் அதை மரியாதைக்காகத்தான் சொல்கிறார். பக்கத்தில் நிற்கும் பையனும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறான். இனி இங்கே எது நடந்தாலும் வீட்டில் போய்ச் சொல்லிப் பயனில்லை என்று அவனுக்கு அப்போதே விளங்கிவிடுகிறது.

நம் பள்ளிகளில் அன்புக்குக் குறைவில்லை. பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருக்கும் உஸ்தாதுகளை (மார்க்க ஆசிரியர்களை) எனக்குத் தெரியும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. மரியாதை கீழிருந்து மேலே போகிறது, பிள்ளையின் பேச்சு மேலே போக வழியில்லை. அந்த வழியை எப்படி உண்டாக்குவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் முஸ்லிம் அறக்கட்டளைகள் நடத்தும் மெட்ரிக், உதவிபெறும் பள்ளிகள், பள்ளிவாசலை ஒட்டிய மக்தபுகள் (குர்ஆன் ஓதிக்கொடுக்கும் வகுப்புகள்), விடுதியோடு கூடிய ஹிஃப்ழு (குர்ஆன் மனன) மதரஸாக்கள் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியது இது.

படி 1: ஒரே பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்

வேலை நிர்வாகத்திலிருந்து தொடங்க வேண்டும். முத்தவல்லியும் (பள்ளிவாசல் நிர்வாகி) செயலாளரும் உட்காராமல் ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி வகுப்பு நடத்துவது வீண் செலவு.

குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை என்று எங்கிருந்தோ எடுத்த நாற்பது பக்கத்தை அச்சடித்துப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். ஒரு பக்கம் போதும், நல்ல தமிழில். இங்கே யாரும் பிள்ளையை அடிக்க மாட்டார்கள், பட்டப்பெயர் வைக்க மாட்டார்கள், தனி அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்த மாட்டார்கள், மனதுக்கு ஒப்பாதது நடந்தால் இன்ன இருவரிடம் சொல்லலாம் என்று இருக்கட்டும். அந்த இருவரில் ஒருவர் பெண். இன்னொருவர் பள்ளியில் சம்பளம் வாங்காதவர், தாளாளருக்கோ தலைமை உஸ்தாதுக்கோ உறவினர் அல்லாதவர். மச்சான் மேல் வந்த புகாரை மச்சானே விசாரிக்கும் ஏற்பாடு பல ஊர்களில் இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதன் அடியில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண்ணையும் பெரிதாகப் போடுங்கள். அலுவலகச் சுவரில் ஒட்டினால் பிள்ளைகள் கண்ணில் படாது. தண்ணீர்க் குழாய்க்கு மேலும் கழிவறைக் கதவின் உட்புறமும் ஒட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பள்ளியில் பாதி பெண் பிள்ளைகள். நிர்வாகக் குழுவில் ஒரு பெண்கூட இல்லை. பெண்ணைச் சேர்க்க மார்க்கத்தில் எந்தத் தடையும் இல்லை, பழக்கம்தான் தடை.

படி 2: ஆளை எடுக்கும்போதே பாருங்கள்

"தெரிஞ்ச ஆள், தீனுள்ளவர் (மார்க்கப் பற்றுள்ளவர்)" என்பது தகுதிச் சான்று ஆகாது. பிள்ளைகளோடு புழங்கும் எந்த நிறுவனமும் ஆசிரியர், ஆசிரியர் அல்லாதோர் எல்லோரையும் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) விதிகள் சொல்கின்றன. வேன் ஓட்டுநர், சமையல்காரர், வாட்ச்மேன், மாலையில் ஓதிக்கொடுக்க வரும் மோதினார் (பாங்கு சொல்பவர்) எல்லோரும் இதில் அடக்கம். முன்பு வேலை பார்த்த மதரஸாவுக்கு நீங்களே போன் போடுங்கள். "மறுபடி அவரை வேலைக்கு எடுப்பீங்களா?" என்ற ஒரு கேள்வி போதும். எதிர்முனையில் தயக்கம் தெரிந்தால் நேரில் போய்ப் பேசுங்கள்.

அதே கையோடு உஸ்தாதின் நிலையையும் பாருங்கள். சுப்ஹுக்கு முன் எழுந்து, இஷாவுக்குப் பின்னும் விடுதிப் பையன்களைப் பார்த்துக்கொண்டு, மாதக் கடைசியில் கடனுக்கு அலையும் மனிதரிடம் பொறுமையை எதிர்பார்க்கிறோம். நாற்பது பிள்ளைகளின் ஸபக்கை (மனனப் பாடத்தை) ஒரே ஆள் கேட்டால் நாற்பதாவது பிள்ளைக்குக் கிடைப்பது எரிச்சல்தான். வாரத்தில் ஒரு முழுநாள் விடுப்பு, இரவுக் காவலுக்கு வேறு ஆள், கைக்குக் கட்டுப்படியாகும் சம்பளம் ஆகிய மூன்றையும் செய்யாமல் உஸ்தாதுக்கு அன்பைப் பற்றி வகுப்பெடுப்பது நியாயமில்லை.

படி 3: பிரம்பை அகற்றுங்கள்

ஹிஃப்ழு வகுப்பில் ஒரு பையன் ஸபக் சொல்வதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். உடம்பு முன்னும் பின்னும் ஆடும். ஒரு ஆயத்தில் (வசனத்தில்) தடுக்கினால் ஆட்டம் நின்றுவிடும். கண் குர்ஆனை விட்டு விலகி, ரைஹாலின் (குர்ஆன் வைக்கும் பலகையின்) பக்கத்தில் கிடக்கும் பிரம்புக்குப் போகும். அந்த நேரத்தில் அவன் மனதில் ஆயத் இல்லை, பயம்தான் இருக்கிறது. பயத்தில் மனப்பாடம் செய்ததை வெளியே போன பின் ஓத மறுக்கும் இளைஞர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அடியை ஆதரிப்பவர்கள் மூன்று காரணம் சொல்வார்கள். முதலாவது, "அடியாத மாடு படியாது." அது மாட்டைப் பற்றிய பழமொழி. இரண்டாவது, உஸ்தாத் அடித்த இடத்தில் நரக நெருப்பு படாது என்ற பேச்சு. ஆதாரமான ஹதீஸ் (நபிமொழி) எதிலும் அப்படி ஒன்று கிடையாது.

மூன்றாவதுதான் விவரமாகப் பேச வேண்டியது. ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் தொழாவிட்டால் அடியுங்கள் என்ற அபூதாவூத் என்ற தொகுப்பில் உள்ள ஹதீஸ். அது பெற்றோரைப் பார்த்துச் சொன்னது, தொழுகையைப் பற்றியது. மூன்று வருடம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த பின் வருவது. அப்போதும் முகத்தில் படக்கூடாது, காயமோ தழும்போ ஆகக்கூடாது என்று சட்ட அறிஞர்கள் கட்டுப்படுத்தி வைத்தது. தஜ்வீதில் (ஓதும் விதிகளில்) ஒரு மத்து (நீட்டல்) தவறியதற்கு இதை ஆதாரம் காட்ட வழியே இல்லை. அதே ஹதீஸின் கடைசி வரி, படுக்கைகளில் அவர்களைப் பிரித்து வையுங்கள் என்பது. அடியை நினைவு வைத்திருக்கும் பலருக்கு இந்த வரி நினைவில் இல்லை. விடுதியில் போய்ப் பார்த்தால் ஒரே பாயில் மூன்று பையன்கள் படுத்திருப்பார்கள்.

முஆவியா இப்னு ஹகம் என்ற நபித்தோழர் தொழுகையின் நடுவே தெரியாமல் பேசிவிட்டார். சுற்றி நின்றவர்கள் முறைத்தார்கள். தொழுகை முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள், தொழுகையில் மனிதப் பேச்சு தகாது என்று அமைதியாக விளக்கினார்கள். அவருக்கு முன்னும் பின்னும் அவரைவிடச் சிறந்த ஆசிரியரை நான் கண்டதில்லை, என்னைக் கடிந்துகொள்ளவும் இல்லை, அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை என்று அந்தத் தோழர் சொன்னது ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. 1406-இல் மறைந்த வரலாற்றாசிரியர் இப்னு கல்தூனும், கடுமையாக நடத்தப்படும் மாணவன் பொய்யும் சூதும் பழகிக்கொள்கிறான் என்று எழுதி வைத்திருக்கிறார்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. 2012 திருத்தமும் 2014 உச்சநீதிமன்றத் தீர்ப்பும் மதரஸாக்களையும் சிறுபான்மைப் பள்ளிகளையும் அந்தச் சட்டத்துக்கு வெளியே வைத்திருக்கின்றன என்று சிலர் வாதிடுவார்கள். இருக்கட்டும். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75 பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவருக்கும் பொருந்தும். பராமரிக்கும் நிறுவனத்தில் வேலை செய்பவர் கொடுமை செய்தால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல்.

சரி, பிரம்பை எடுத்துவிட்டு என்ன செய்வது? தடுக்கும் பிள்ளைக்கு ஸபக்கைப் பாதியாக்குங்கள். புதுப் பாடத்தைக் காலையிலும் பழைய பாடத்தை மாலையிலும் வையுங்கள். நன்றாக ஓதுபவனையும் திணறுபவனையும் ஜோடியாக உட்காரவைத்து, உஸ்தாதிடம் வருவதற்கு முன் ஒருமுறை ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். தவறின் எண்ணிக்கையைச் சத்தம்போட்டு அறிவிக்காமல் பிள்ளையின் நோட்டில் குறியுங்கள். மூன்று வாரம் ஒரே இடத்தில் நின்றால் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுங்கள், காது, கண், வாசிப்புச் சிக்கல் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். திக்கித் திணறி ஓதுபவருக்கு இரண்டு கூலி என்ற ஹதீஸை வகுப்பில் மாட்டி வைத்துவிட்டுத் திணறுபவனைப் பெஞ்சில் ஏற்றுவது என்ன நியாயம்?

சேட்டை செய்பவனுக்குத் தண்டனையே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். கெடுத்ததைச் சரிசெய்ய வைப்பது, மன்னிப்புக் கேட்க வைப்பது, விளையாட்டு நேரத்தைக் குறைப்பது, பெற்றோரை அழைப்பது. சாப்பாட்டை நிறுத்துவது கூடாது, மொட்டை அடிப்பது கூடாது, தொழுகையைத் தண்டனையாகக் கொடுப்பது கூடவே கூடாது. "இருபது ரக்அத் நஃபில் தொழு" என்று தண்டிக்கப்பட்ட பிள்ளை தொழுகையை எப்படி நேசிப்பான்?

படி 4: கட்டடத்தைச் சுற்றி நடந்து வாருங்கள்

மதிய இடைவேளையில் ஒருமுறை, மாலை இருட்டியபின் ஒருமுறை. எங்கே விளக்கில்லை, எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஹவ்ழுப் (தொழுகைக்கு முன் கை கால் கழுவும் தொட்டி) படியில் எங்கே பாசி பிடித்திருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். மாடிப் படிக்கு அடியிலும் பழைய பெஞ்சுகள் அடுக்கிய அறையிலும் தயவுசெய்து எட்டிப் பாருங்கள்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையல் தீ கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் காப்பகத் தீயிலிருந்து தப்ப முடியாமல் எரிந்து போனார்கள். பையன்கள் ஓடிவிடக் கூடாது என்று விடுதியை இரவில் வெளியிலிருந்து பூட்டும் மதரஸாக்கள் இந்த இரண்டையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பூட்டாதீர்கள், ஆள் போடுங்கள். ஒருவன் ஓடிப்போக நினைத்தால் ஏன் என்று அவனிடம் கேளுங்கள். பிள்ளைகள் தங்கும் விடுதிக்கு 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் சட்டப்படி பதிவும் உரிமமும் வேண்டும், அதையும் முடித்துவிடுங்கள்.

விடுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பாய், நடுவே இடைவெளி. பெரிய பையன்களும் சின்னப் பையன்களும் வேறு வேறு கூடம். உஸ்தாத் அறைக்கு மாணவன் தனியாகப் போகக் கூடாது. கித்மத் என்ற பெயரில் கால் அமுக்கிவிடச் சொல்வது, துணி துவைக்கச் சொல்வது, இரவில் சாப்பாடு கொண்டுவரச் சொல்வது மூன்றையும் நிறுத்துங்கள். ஆசிரியருக்குப் பணிவிடை செய்வதில் பரக்கத் (இறையருள்) இருக்கிறது என்பார்கள். இருக்கலாம். ஆனால் தீய எண்ணம் கொண்ட ஒரே ஒருவருக்கு அந்தப் பழக்கம் திறந்துவிடும் கதவை மூட வேறு வழி இல்லை. நபித்தோழர் அனஸ் (ரலி) பத்து வருடம் நபியவர்களுக்குப் பணிவிடை செய்தார், ஒருமுறைகூட அவர்கள் 'சீ' என்று சொன்னதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

படி 5: பிள்ளை ஒன்றைச் சொன்னால்

இதைத்தான் பலரும் தவறாகக் கையாள்கிறார்கள். பிள்ளை வந்து, "அவர் என்னைத் தொட்டார்" என்று பாதியில் நிறுத்தினால், நீங்கள் சொல்ல வேண்டியது: "நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பில்ல. இதைச் சரிசெய்யத் தெரிஞ்சவங்ககிட்ட நான் சொல்றேன்." யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். சத்தியம் வாங்காதீர்கள். சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு நேருக்கு நேர் நிறுத்தாதீர்கள். சொன்னதை அது சொன்ன வார்த்தையிலேயே, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள்.

அடுத்த போன் காவல்துறைக்கு அல்லது 1098-க்கு. ஜமாஅத் தலைவருக்கு அல்ல. போக்சோ சட்டம் 2012, பிரிவு 19 படி, குற்றம் நடந்ததாகத் தெரிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் பிரிவு 21 படி ஆறு மாதம் வரையும், நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரையும் சிறை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. இந்தச் சட்டத்தில் பிள்ளை என்றால் 18 வயது நிறையாத ஆணும் பெண்ணும். ஆண் பிள்ளைகள் விஷயத்தில் நம்மிடம் மௌனம் இன்னும் கெட்டியாக இருப்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன். கல்வி நிலையத்திலோ சமய நிறுவனத்திலோ இருப்பவரே செய்தால் தண்டனை கூடும்.

வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, முடிந்தவரை பெண் காவல் அதிகாரி, சீருடை இல்லாமல் வாங்க வேண்டும். இதைப் பெற்றோருக்குச் சொன்னால் பாதிப் பயம் தீரும். பெயரையும் படத்தையும் ஊரையும் வாட்ஸ்அப்பில் போடுவது குற்றம்.

"வெளியே தெரிஞ்சா நம்ம சமுதாயத்துக்கே கெட்ட பேரு, ஊர்ப் பஞ்சாயத்துலயே முடிச்சிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பயம் பொய்யானது என்று நான் சொல்ல மாட்டேன். முஸ்லிம் நிறுவனத்தில் நடந்த ஒன்றை வைத்து ஊடகங்கள் எப்படிப் பேசும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பஞ்சாயத்தில் முடித்தால் என்ன நடக்கிறது? அந்த ஆள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த மாவட்டத்து மதரஸாவுக்குப் போகிறார். அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்களுக்கே எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது திருக்குர்ஆன் 4:135.

படி 6: பட்டப்பெயரும் பிரிவினையும்

ஒருவரையொருவர் கேலி செய்யாதீர்கள், பட்டப்பெயர் சூட்டாதீர்கள் என்று 49:11-ஐ எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாக ஓதுவார்கள். ஓதி முடித்து வெளியே வந்ததும் 'கருவாயன்', 'குண்டன்', 'திக்குவாய்' தொடங்கும். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் உருது பேசும் பிள்ளையும் தமிழ் பேசும் பிள்ளையும் ஒருவரையொருவர் மட்டம் தட்டுவது உண்டு. திருப்பூரில் பீகார், வங்காளத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு இதே நிலை. இஸ்லாத்தைத் தழுவிய குடும்பத்துப் பிள்ளையிடம், "நீங்க முன்னாடி என்ன ஆளுக?" என்று ஆசிரியரே கேட்டுவிடுவார். அந்த ஒரு கேள்வியில் பிள்ளை விட்டு வந்ததாக நினைத்த சாதி மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துப் பேசிய நபித்தோழர் அபூதர்ரிடம், "உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறது" என்று நபியவர்கள் கண்டித்ததை உஸ்தாதுகள் ஆசிரியர் கூட்டத்தில் முதலில் தங்களுக்குள் பேசட்டும்.

தொழுகையில் கை உயர்த்துவதும் ஆமீனைச் சத்தமாகச் சொல்வதும் இன்னொரு தகராறு. கீழக்கரை, காயல்பட்டினத்து ஷாஃபி சட்டமரபுப் பிள்ளை காலங்காலமாகக் கை உயர்த்தித்தான் தொழுகிறான். ஹனஃபி சட்டமரபைப் பின்பற்றும் உள்நாட்டு ஊருக்குப் படிக்கப் போனால் அவனை "நஜாத்தா? தவ்ஹீதா?" என்று இயக்கப் பெயர் சொல்லிக் கேட்பார்கள். பள்ளிக்கு ஒரே விதி போதும்: எந்தப் பிள்ளையும் தன் வீட்டு முறைப்படி தொழலாம், அதைப் பற்றி இன்னொருவர் வாய் திறக்கக் கூடாது. பெரியவர்களின் சண்டையைப் பள்ளி வாசலுக்கு வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

படி 7: "ஏன் தொழல?"

லுஹர் (நண்பகல்) தொழுகைக்குப் பெண் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். வகுப்பு லீடர் கையில் நோட்டு, தொழாதவர்கள் பெயரை எழுதுகிறாள். சுவரோரம் உட்கார்ந்திருக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளை துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்க்கிறது. எல்லோருக்கும் காரணம் தெரியும், அதனால்தான் அந்தப் பிள்ளை தலை நிமிரவில்லை. சில பிள்ளைகள் இந்த வெட்கத்துக்குப் பயந்தே மாதவிடாயிலும் வரிசையில் நின்று தொழுவது போல் நடிக்கிறார்கள்.

அந்த நோட்டை ஒழித்துவிடுங்கள். தொழாதவர்கள் நூலகத்திலோ வகுப்பிலோ இருக்கலாம், காரணம் கேட்கப்படாது என்று சொல்லிவிடுங்கள். இது ஆதமுடைய பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்தது என்று தம் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் ஆறுதல் சொன்ன செய்தி புகாரி ஹதீஸ் தொகுப்பில் உண்டு. கழிவறையில் நாப்கினும் மூடி போட்ட குப்பைக் கூடையும் எப்போதும் இருக்க வேண்டும். கேட்டு வாங்கும் இடமாக அலுவலகத்தை வைக்காதீர்கள், அங்கே பெரும்பாலும் ஆண் கிளார்க் உட்கார்ந்திருப்பார்.

ரமலானில் "நீ நோன்பா?" என்று வகுப்பில் கை தூக்கச் சொல்வதும் இதே வகைதான். சின்னப் பிள்ளைக்குக் கடமையில்லை. இன்சுலின் போடும் பிள்ளைக்கு மருத்துவரின் பேச்சே பேச்சு. தண்ணீர்க் குழாயைப் பூட்டாதீர்கள்.

படி 8: மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள்

பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் அறிவு தேடி வந்தபோது முகம் சுளிக்கப்பட்டதற்கு அல்லாஹ் கண்டித்து இறக்கியது 'அபஸ' அத்தியாயம். அதைப் பாடமாக நடத்தும் பள்ளியில் சக்கர நாற்காலி ஒளுச் செய்யும் (தொழுகைக்கு முன் கை கால் கழுவும்) இடத்துக்குப் போக முடியவில்லை. சாய்தளம் கட்டும்போது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கைக் கொத்தனாரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சறுக்கு மரம்தான் கட்டித் தருவார். ஒரு குழாய்க்கு முன் உட்காரும் திண்டும் கைப்பிடியும் வையுங்கள். பிரெயில் குர்ஆன் கிடைக்கிறது. காது கேளாத பிள்ளைக்கு ஜுமுஆ பயானை (வெள்ளிக்கிழமை உரையை) எழுதிக் கொடுக்க ஒருவரை ஏற்பாடு செய்யலாம்.

படி 9: பிற சமயப் பிள்ளைகளும் ஆசிரியர்களும்

வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919 முதலும், திருச்சி ஜமால் முகமது கல்லூரி 1951 முதலும் எல்லாச் சமயத்தவருக்கும் படிப்பைத் தந்துவருகின்றன. அந்த மரபு பள்ளிக்கும் வேண்டும். அங்கீகாரமோ அரசு உதவியோ பெற்ற நிறுவனத்தில் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்க முடியாது என்பது அரசியலமைப்பின் 28(3). தீனியாத் (மார்க்கப் பாட) நேரத்தில் அந்தப் பிள்ளைகளை வராந்தாவில் சும்மா உட்காரவைக்காதீர்கள், ஓவியமோ நீதிபோதனையோ ஓர் ஆசிரியரோடு நடக்கட்டும். பொட்டு வைத்து வரும் பிள்ளையிடமும் டீச்சரிடமும் அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ரமலானில் அவர்கள் சாப்பிட மறைவிடம் தேடும்படி வைக்காதீர்கள், சாப்பாட்டு அறை திறந்தே இருக்கட்டும்.

படி 10: ஜகாத்தில் படிக்கும் பிள்ளை

சீருடை வாங்கிக் கொடுத்து, பேனர் கட்டி, புரவலரோடு நிற்கவைத்துப் படம் எடுத்து ஊர்க் குழுவில் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் உங்கள் தர்மங்களைப் பாழாக்காதீர்கள் என்று 2:264 சொல்கிறது. கட்டணம் கட்டாதவர் பெயரை வகுப்பில் படிப்பதும் நோவினைதான். பல வீடுகளில் அத்தா வளைகுடாவில், ஒரு மாதம் சம்பளம் தாமதமானாலும் இங்கே பிள்ளை எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. பணப் பேச்சு அம்மாவோடு, தனியாக, போனில்.

படி 11: பிள்ளைகளையே கேளுங்கள்

பருவத்துக்கு ஒருமுறை பெயர் எழுதாத சீட்டு கொடுங்கள். மூன்று கேள்வி: இந்தப் பள்ளியில் எந்த இடத்துக்குத் தனியாகப் போகப் பயம்? யாராவது உன்னை அழவைக்கிறார்களா? உனக்குக் கஷ்டம் வந்தால் இங்கே யாரிடம் சொல்வாய்? எழுத வராத சின்னப் பிள்ளைகள் பள்ளியின் படத்தை வரைந்து, பிடிக்காத இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கட்டும்.

சீட்டைப் படிப்பது படி 1-இல் சொன்ன இருவர் மட்டும். யார் கையெழுத்து என்று தேடக் கூடாது. பத்துப் பேர் பின்பக்கக் கழிவறை என்று எழுதியிருந்தால் அன்றைக்கே பல்பு போட்டு, மறுநாள் காலைக் கூட்டத்தில், "நீங்க சொன்னீங்க, போட்டுட்டோம்" என்று சொல்லுங்கள். அடுத்த முறை பல்பைவிடப் பெரிய விஷயத்தை எழுதுவார்கள். மூன்றாவது கேள்விக்கு "யாரிடமும் இல்லை" என்ற பதில் பாதிக்கு மேல் வந்தால், பொறுப்பில் இருக்கும் இருவரை மாற்றுங்கள். தொடுதலைப் பற்றி ஒரு சீட்டு வந்தாலும் அதைக் கிழிக்காமல் உறையில் போட்டு, படி 5-ஐ அன்றே தொடங்குங்கள்.